சார்ட்டர் பள்ளி: ஆசிரியைக்கு ஐந்து நட்சத்திரம், நிர்வாகத்துக்கு இரண்டு

கலிஃபோர்னியாவில் மகனை ஒரு சார்ட்டர் பள்ளியில் சேர்த்து இரண்டு வருடம் ஆகிறது. பெயர் வேண்டாம். அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகக் குழுவின் கீழ் நடக்கும் பள்ளிதான், கட்டணம் கிடையாது, விண்ணப்பம் குவிந்தால் குலுக்கல்.

அவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கச் சிரமப்படும் கற்றல் குறைபாடு, இருக்குமோ என்று சந்தேகம் வந்ததும் பரிசோதனை கேட்டேன். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்றே இரண்டு மாதம் ஓட்டினார்கள். சட்டப்படி, கேட்ட 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தைத் தர வேண்டும், நாம் கையெழுத்துப் போட்ட 60 நாளுக்குள் பரிசோதனையை முடித்து ஐஇபி (குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் வைக்க வேண்டும். சார்ட்டர் என்பதால் விலக்கெல்லாம் இல்லை. என் தப்பு, வாய்வார்த்தையாகக் கேட்டது. மின்னஞ்சலில் தேதியோடு கேளுங்கள்.

அப்புறம் நிர்வாகக் குழு. 2020 முதல் பிரவுன் சட்டம், அதாவது பொது அமைப்புகளின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கலிஃபோர்னியா சட்டம், சார்ட்டர் பள்ளிகளுக்கும் பொருந்துகிறது, அதனால் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், யாரும் போய் உட்காரலாம், பேசலாம். போனேன். சுவருக்கு என்ன வண்ணம் என்று முக்கால் மணி நேரம், சிறப்புக் கல்விக்கு நாலு நிமிடம்! பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் ஏன் காலி என்று எழுந்து கேட்டேன். ஒருவர் குறித்துக்கொண்டார், சரி, அடுத்த மாதமே ஆள் வந்தார்.

ஆனால் மகனுக்குச் சொல்லித்தரும் சிறப்புக் கல்வி ஆசிரியை தங்கம். தட்டில் மணலைப் பரப்பி ஆங்கில 'பி' (b), 'டி' (d) எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பார். போன வாரம் கடையில் பால் டப்பாவைத் தூக்கி, மேலே இருந்ததைத் தானே படித்தான்.