ரசத்துக்கு ஈயச்சொம்பா, எவர்சில்வரா?

மதுரை மாசி வீதிகளில் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கேட்டால், அன்றாடத்துக்கு எவர்சில்வர், ஆசைக்கு ஈயச்சொம்பு என்பேன்.

எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் குரோமியம். 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டறிந்த தனிமம். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் சேர்ந்தால், மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். தினமும் புளி கொதித்தாலும் கவலையில்லை.

ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெண்கலக் காலத்திலிருந்தே மனிதர் கையாண்ட உலோகம். 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றவே கூடாது. புளித்தண்ணீர் ஊற்றிய பிறகுதான், அதுவும் சிறு தீயில். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். தாளிப்புக்குத் தனிக் கரண்டி. அந்த ரசத்தின் மணத்துக்குப் பழகிய நாக்கு வேறெதையும் ஏற்காது என்பது உண்மைதான்.

ஆனால் பயம், காரீயம் (lead) என்ற வேறு உலோகத்தின் கலப்படத்தில் இருக்கிறது. காரீயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். வெள்ளைத்தாளில் தேய்த்தால் காரீயம் சாம்பல் நிறக் கோடு விடும். கோடு விழாததால் மட்டும் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள், கொஞ்சமாகக் கலந்திருந்தால் தெரியாது. கடைக்காரரிடம் பரிசோதனைச் சான்று கேளுங்கள். தரவில்லையென்றால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எவர்சில்வரே போதும்.