ஜவ்வாது மலை அடிவாரப் பண்ணை விடுதி: காலை நடை அருமை, இரவு ஜீப் வேண்டவே வேண்டாம்

வேலூரிலிருந்து காரில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜவ்வாது மலை ஆரம்பிக்கிற இடத்தில், மாந்தோப்புக்குள் இருக்கிறது. விடுதியின் பெயரை இங்கே போடவில்லை. பெயரைப் போட்டு ஊர்ச் சண்டைக்கு இழுப்பது என் நோக்கமில்லை, வனத்துறைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இப்படி ஓர் இடத்தில் அறை போடும்போது எதைக் கேட்க வேண்டும், எதற்குச் சரி சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பங்குனிக் கடைசியில், அக்காவும் மாமாவும் பிள்ளைகளோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தபோது எல்லோரும் சேர்ந்து தங்கினோம். அறைகள் சுத்தம். மின்விசிறி சத்தம் போடவில்லை, கொசுவலை கிழியாமல் இருந்தது, குளியலறையில் தண்ணீர் நிற்காமல் வந்தது, இதற்கு மேல் அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு பிரமாதம். மதியம் சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும், ராத்திரி கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். சாமை மலைமேல் விளைந்தது என்று சமையல்கார அம்மா சொன்னார், அந்த வாசனையிலேயே தெரிந்தது. வெளிநாட்டிலேயே வளர்ந்த பிள்ளைகள் களியை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டிருந்தார்கள், அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டையாகக் குழம்பில் தோய்த்துக் காட்டினார். அந்தப் பொறுமைக்காகவே அவருக்குத் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

இப்போது காலை நடை. இந்த விடுதிக்கு யாராவது போகிறீர்கள் என்றால் இதற்காகத்தான் போக வேண்டும்.

விடியற்காலையில் ஒரு பெரியவர் வந்து கதவைத் தட்டுவார். மலையாளி என்கிற மலைவாழ் பழங்குடிச் சமூகத்துக்காரர் (கேரளத்துக்காரர் இல்லை), மேலே ஒரு கிராமத்தில் பிறந்தவர், எழுபது தாண்டியிருக்கும். கையில் ஒரு தடி, தோளில் துண்டு, அவ்வளவுதான். பட்டா நிலத்தின் ஓரமாகவே கூட்டிக்கொண்டு போவார். வனத்துறை எல்லைக்கல் வந்ததும் நின்றுவிடுவார். "இதைத் தாண்டுனா ரிசர்வ் தம்பி, பர்மிஷன் இல்லாம கால் வைக்கக் கூடாது" என்றார். பிள்ளைகள் இன்னும் கொஞ்ச தூரம் என்று கெஞ்சியும் நகரவில்லை.

கல்லுக்கு இந்தப் பக்கமே அவ்வளவு இருக்கிறது. ஓடை மணலில் மான் குளம்பு பதிந்த தடத்தைக் குந்தி உட்கார்ந்து காட்டினார். மெதுவாக நடந்த மான் என்றால் இரண்டு பிளவும் ஒட்டி, முன்பக்கம் கூராக இருக்கும். பயந்து ஓடிய மான் என்றால் அதே இரண்டும் விரிந்து ஆழமாகப் பதிந்திருக்கும், பின்னால் மணல் சிதறியிருக்கும். பக்கத்திலேயே ஒரு இளம் மரம், முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு வரைக்கும் பட்டை உரிந்து நார்நாராகத் தொங்கியது. கொம்பு உரசிய இடம். தொட்டுப் பார்த்தேன், பால் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

கொஞ்ச தூரத்தில் கூட்டத்தையே பார்த்தோம். பெட்டைகளும் குட்டிகளும் முன்னால், ஒதுங்கி ஒரு கிடா. அதன் கொம்பு முழுக்கத் தோல் மூடியிருந்தது, நுனி மழுங்கி, மேலெல்லாம் பூனைமயிர் படர்ந்த மாதிரி. புள்ளிமான் கிடா வருஷா வருஷம் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க வைக்கும். முளைக்கிற காலத்தில் அந்தத் தோலுக்குள் ரத்தம் ஓடும், அடிபட்டால் வலிக்கும். அதனால்தான் அது முள் புதரைச் சுற்றிக்கொண்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நடந்தது. "இந்த நேரத்துல அதுக்குச் சண்டை போடவும் முடியாது, புதருக்குள்ள பூந்து ஓடவும் முடியாது" என்று பெரியவர் ரகசியம் போலச் சொன்னார்.

அப்போதுதான் மாமா கேட்டார், "ஐயா, இங்க மான் சீசன் எப்போ?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அவர்கள் இருப்பது டெக்சாஸ், சான் அன்டோனியோ பக்கம். அங்கே நவம்பர் முதல் சனிக்கிழமை வந்தால் வெள்ளைவால் மானுக்குத் துப்பாக்கி சீசன் ஆரம்பித்துவிடும், ஜனவரி வரை போகும். அதற்கு முன்னால் ஒரு மாதம் வில்லுக்கு மட்டும். அங்கே சுடுவது என்றால் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று போய்ச் சுடுவது கிடையாது. உரிமம் வாங்க வேண்டும். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். சூரியன் உதிக்க அரை மணி முன்னாலிருந்து மறைந்து அரை மணி வரைதான் சுடலாம். விழுந்ததும் உரிமத் தாளில் இருக்கிற சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டி எடுத்துவிட்டு, அந்தச் சீட்டை மானோடு கட்ட வேண்டும். பல மாவட்டங்களில் கொம்பின் உள்பக்க அகலம் 13 அங்குலமாவது இருந்தால்தான் கிடாவைச் சுடலாம். மரத்தின் மேலிருந்து அதை எப்படி அளப்பது? மான் காதை விறைத்து நிற்கும்போது, இரண்டு காது நுனிக்கும் வெளியே கொம்பு போகிறதா என்று பார்ப்பார்களாம். கிளைவிடாத ஒற்றைக் கொம்பு இருந்தால் அதற்கு வேறு கணக்கு. மாமா இதையெல்லாம் சொல்லச் சொல்ல, பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு நெஞ்சில் தைத்தது. நம் புள்ளிமானை 1932-லேயே டெக்சாஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே அது வந்தேறி விலங்கு, அதனால் சீசனும் கிடையாது, எத்தனை என்ற வரம்பும் கிடையாது, உரிமமும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தால் வருஷம் பூராவும் சுடலாம். இங்கே அதே மானை ஒரு நாள்கூடச் சுட முடியாது.

பெரியவர் மாமாவுக்குச் சொன்ன பதில் சீசன் கணக்குத்தான், ஆனால் மானின் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் தழைக்கும், மான் கூட்டம் பெரிதாகும். மார்கழி, தையில் நெல்லிக்காய் உதிரும், அந்த மரத்தடியில் வந்து பொறுக்கும். மாசி பிறந்தால் இலை கொட்டிக் காடே திறந்து கிடக்கும், ஒளிய இடமிருக்காது. பங்குனி, சித்திரையில் ஓடை வற்றிவிடும், இரண்டு மூன்று குட்டையில்தான் தண்ணீர், எத்தனை பயமிருந்தாலும் மான் அங்கே வந்துதான் ஆக வேண்டும். "எங்க தாத்தா காலத்துல துப்பாக்கி வச்சிருந்தவங்க பங்குனிக்குத்தான் காத்திருப்பாங்க. குட்டைகிட்ட உக்காந்தா போதும், தானா வரும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கி வேட்டையாட அதில் இடமிருந்தது. பெரிய வேட்டை, சின்ன வேட்டை என்று தனித்தனி உரிமம். அதிலேயே கட்டுப்பாடுகளும் இருந்தன: தோல் மூடிய கொம்போடு இருக்கிற மானைச் சுடக் கூடாது, பெட்டையையும் குட்டியையும் சுடக் கூடாது, சூரியன் மறைந்து உதிக்கிற வரை சுடக் கூடாது, விளக்கு அடித்துச் சுடக் கூடாது, வண்டியில் இருந்தபடி சுடக் கூடாது, நீர்நிலையில் உட்கார்ந்து சுடக் கூடாது. 1991 திருத்தத்தில் உரிம வேட்டையையே எடுத்துவிட்டார்கள், அதோடு இந்தக் கட்டுப்பாடுகளுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. ஆனால் அந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் படியுங்கள். எந்த நேரத்தில் மானால் தப்பிக்க முடியாதோ அந்த நேரத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மூடி வைத்திருக்கிறார்கள். டெக்சாஸில் வெள்ளைவால் மானுக்கு ராத்திரியும் விளக்கும் கூடாது என்பதற்கும் அடிப்படை இதுதான்.

சரி, இப்போது இரவு ஜீப்.

சாப்பிட்டு முடித்ததும் மேலாளர் வந்தார். "சார், நைட் சஃபாரி இருக்கு, மான் கண்டிப்பா பாக்கலாம், கேரண்டி" என்றார். திறந்த ஜீப், மேலே பெரிய லைட். எங்கே போவீர்கள் என்று கேட்டேன். குட்டைப் பக்கம் என்றார். பங்குனி மாதம், ராத்திரி, வண்டி, விளக்கு, தண்ணீர்க் குட்டை. அந்தப் பழைய பட்டியலில் பாதி இந்த ஒரு பயணத்திலேயே வந்துவிட்டது. மான் முகத்தில் லைட் அடித்தால் கண் பளிச்சென்று மின்னும், கூசிப்போய் அப்படியே நிற்கும், எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குத் தெரியாது. கேரண்டி என்கிறார்களே, அந்தக் கேரண்டி இங்கிருந்துதான் வருகிறது. பகலெல்லாம் தாகத்தோடு காத்திருந்து இருட்டியதும் தண்ணீருக்கு வருகிற மானை, தண்ணீரும் குடிக்க விடாமல் துரத்துவதற்குப் பணம் கேட்கிறார்கள்.

நாங்கள் போகவில்லை. பக்கத்து அறையில் இருந்த இளைஞர்கள் போனார்கள். திரும்பி வந்து ஒரு பெட்டை குட்டியை விட்டுவிட்டு ஓடியதை வீடியோ காட்டினார்கள். பார்க்க முடியவில்லை.

அதைவிட மோசம் அடுத்தது. மேலாளர் குரலைத் தாழ்த்தி, "ஸ்பெஷல் கறி வேணும்னா முன்னாடியே சொல்லணும் சார், ஏற்பாடு பண்ணலாம்" என்றார். என்ன கறி என்று கேட்டால் சிரித்தார். உண்மையிலேயே இருக்கிறதா, ஆட்டுக்கறியை மான்கறி என்று சொல்லி விற்கிறார்களா, எனக்குத் தெரிந்தாக வேண்டியதில்லை. கேட்டு வாங்குகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். புள்ளிமான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிற விலங்கு. சுட்டாலும், கண்ணி வைத்தாலும், கறியை வைத்திருந்தாலும், வாங்கினாலும் குற்றம். 3 வருஷம் வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கறி உங்கள் தட்டில் இருந்தது என்று ஆகிவிட்டால், அது முறையாக வந்ததுதான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. விடுதிக்காரர் வந்து உங்களுக்காகச் சாட்சி சொல்லப் போவதில்லை.

பன்றியைச் சுட அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டதே என்று அங்கே ஒருவர் வாதம் செய்தார். அது காட்டுப்பன்றிக்கு, அதுவும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கிறவற்றை வனத்துறை ஆட்களே சுடுவதற்கு. அதை வைத்துக்கொண்டு மானுக்கு வழி தேடுவது எந்த விதத்திலும் ஒட்டாது.

நம் பக்கத்தில் மானுக்கு ஏற்கெனவே கோடை முழுக்கப் பாடுதான். வேலூரைச் சுற்றிப் பாலமதி, ஓட்டேரி, அந்தப் பக்கம் குடியாத்தம், பேரணாம்பட்டு, எங்கே பார்த்தாலும் தண்ணீர் தேடி இறங்கின மானை நாய் கடித்தது, கிணற்றில் விழுந்தது, வண்டியில் அடிபட்டது என்ற செய்தி வெயில் காலத்தில் வராமல் இருப்பதில்லை. காட்டுக்குள் இருக்கிற ஒரு குட்டையையாவது அதற்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா?

மறுநாள் காலை பெரியவர் ஓடையோரம் ஒரு இடத்தில் சட்டென்று நின்றார். இரண்டு புதருக்கு நடுவே, மான் கழுத்து உயரத்தில் ஒரு சுருக்குக் கம்பி. பைக் கிளட்ச் வயர், முடிச்சு இறுக்கிப் போட்டு, மறுமுனை வேரில் கட்டியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், மெல்லிசுதான், ஆனால் இழுக்க இழுக்க இறுகுகிறது, தளரவே இல்லை. அவர் அதைக் கழற்றுவதற்கு முன்னால் என்னை போனில் படம் எடுக்கச் சொன்னார். கம்பியையும் படத்தையும் ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுத்தோம், இரவு ஜீப்பைப் பற்றியும் கறியைப் பற்றியும் எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட நகல் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது மேலாளரிடம் நேராகவே சொன்னேன். லைட் ஜீப்பை நிறுத்துங்கள், இந்தப் பெரியவரின் காலை நடையை உங்கள் விளம்பரத்தில் முதலில் போடுங்கள், அதற்கு இரண்டு மடங்கு பணம் கேட்டாலும் ஜனங்கள் கொடுப்பார்கள், அதில் பாதி அவர் கைக்குப் போகட்டும். கேட்டுக்கொண்டார். மாற்றுவாரா என்பது அடுத்து போகிறவர்கள் கேட்கிற கேள்வியைப் பொறுத்தது.

அதனால் அறை போடும்போதே கேளுங்கள்: ராத்திரி வண்டி உண்டா, எந்த வழியாகப் போகும், வனத்துறை அனுமதிச் சீட்டு இருக்கிறதா. சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் ஓட்டுநர் மேல் மட்டுமில்லை, வண்டியில் உட்கார்ந்திருக்கிற உங்கள் மேலும் வழக்கு வரும்.

சாப்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, காலை நடைக்கு ஐந்துக்கு ஐந்து, அறைக்கு நாலு, இரவு ஜீப்புக்குப் பூஜ்யம். காலை நடைக்குப் போகிறவர்கள் வெள்ளைச் சட்டை, பளபளப்பான உடை எதுவும் போட வேண்டாம், சென்ட் அடிக்க வேண்டாம், போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதல் நாள் ராத்திரியே பெரியவரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் நடைக்கு ஏற்ற மாதிரி வழியை மாற்றிக்கொள்வார். நடை முடிந்ததும் பணத்தை அலுவலகத்தில் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள்.