பி.டி.எஃப், இபப், இணையப் பக்கம்: மாற்றுத்திறனாளி வாசகருக்கு எது கைகொடுக்கும்?

தொடர்ந்து வாசிக்க வேண்டிய நூலோ இதழோ எதுவானாலும், முதலில் இபப் (EPUB எனும் மின்னூல் வடிவம்) கோப்பைத் தயாரியுங்கள். பி.டி.எஃப் தேவையென்றால் அதன்பின் கூடுதலாகக் கொடுக்கலாம். பல பதிப்பாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அச்சுக்குப் போன பி.டி.எஃப்பையே வலையேற்றிவிட்டு, அதுதான் மின்னூல் என்கிறார்கள்.

பி.டி.எஃப்பின் அடிப்படை வேலை, எந்த எழுத்து தாளில் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்து வைப்பதுதான். தலைப்பு எது, பத்தி எது, அட்டவணை எது என்பதை டேக் எனப்படும் குறிகள் சொல்ல வேண்டும். அவை இல்லாவிட்டால், திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் ஊகித்துப் படிக்கும். அடிக்குறிப்பு வாக்கியத்தின் நடுவே நுழையும். பக்கத்தில் அருகருகே அமைந்த இரண்டு பத்தி வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

தமிழில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கொடை’ என்பதில் ‘கொ’வை எழுதும்போது கொம்பு முதலில் வரையப்படுகிறது, ககரம் அடுத்து, கால் கடைசியில். பல பி.டி.எஃப்களில் எழுத்துகள் இந்த வரைவு வரிசையிலேயே பதிவாகிவிடுகின்றன. அதை நகலெடுத்தால் ‘ெகாைட’ என்று வரும். திரைவாசிப்பானுக்கும் அதே சிதைவுதான் போய்ச் சேர்கிறது. தேடினாலும் சொல் கிடைக்காது. சோதிப்பது எளிது: கொ, கை, பே வரும் ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் தமிழே வராது, ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். அதை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.

பி.டி.எஃப்தான் தர வேண்டும் என்றால், வேர்டில் தலைப்புகளுக்கு ஸ்டைல் (Heading 1 போன்ற தலைப்பு வடிவம்) கொடுத்து, மொழியைத் தமிழ் என்று குறித்து, அமைப்புக் குறிகளைச் சேர்க்கும் தெரிவோடு சேமியுங்கள். பிரின்ட் கொடுத்து பி.டி.எஃப் ஆக்கினால் குறிகள் எல்லாம் போய்விடும். அனைவரும் அணுகக்கூடிய பி.டி.எஃப்புக்கென 2012இல் வந்த பி.டி.எஃப்/யு.ஏ தரத்துக்கு ஏற்ப இருக்கிறதா என்று பி.ஏ.சி (PAC) எனும் சோதனைக் கருவியால் சரிபார்க்கலாம். பி.டி.எஃப் திருத்தும் செயலியான அக்ரோபேட்டில் கையால் செய்த திருத்தங்கள் அடுத்த ஏற்றுமதியில் காணாமல் போகும் என்பதால், பிழைகளை மூலக் கோப்பிலேயே களைவதுதான் லாபம்.

இபப் கோப்புக்குள் இருப்பவை இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல் மொழியில் அமைந்த பக்கங்கள். யூனிகோடு வரிசை அப்படியே இருக்கும், எழுத்தை வரைவது வாசிப்புச் செயலியின் பொறுப்பு. அதனால் கொம்புச் சிக்கலே எழாது. பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும், பி.டி.எஃப்பில் 400 விழுக்காடு பெரிதாக்கியவர் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர் எழுத்துருவையும் வரி இடைவெளியையும் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் இந்த நன்மைகள் தாமாக வந்துவிடாது. தலைப்பு நிலைகள் (முதல் நிலை, இரண்டாம் நிலை என்ற வரிசை) தாவக் கூடாது. மொழிக் குறி விட்டுப்போனால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று திணறும். கணிதத்தைப் படமாக ஒட்டாமல், சமன்பாடுகளை எழுதும் குறிமொழியான மேத்எம்.எல்லில் எழுத வேண்டும். அச்சுப் பக்க எண்களின் பட்டியலைச் சேர்த்தால், வகுப்பில் ‘74ஆம் பக்கம்’ என்றதும் பார்வையற்ற மாணவரும் அங்கே போக முடியும். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு வாசித்துக்காட்டப்படுவது மாற்று உரை; அதில் ‘வரைபடம் 3’ என்று மட்டும் எழுதுவது வீண்; அந்த வரைபடம் எதைக் காட்டுகிறதோ அதை எழுதுங்கள். அலங்காரப் படத்துக்கு மாற்று உரையை வெறுமையாக விடுங்கள். கோப்பின் அமைப்புப் பிழைகளைக் காட்டும் இபப்செக், பிறகு அணுகல் குறைகளைக் காட்டும் ஏஸ் என்ற வரிசையில் சோதியுங்கள். மாற்று உரை இருக்கிறதா என்று ஏஸ் சொல்லும், அது பொருத்தமானதா என்று சொல்லாது. ஆகவே தோரியம் எனும் இபப் வாசிப்புச் செயலியில் திறந்து, என்விடிஏ எனும் திரைவாசிப்பான் வழியே ஓர் அத்தியாயமாவது காதால் கேளுங்கள். நிலையான பக்க அமைப்புள்ள இபப்பைத் தவிர்ப்பது நல்லது. வரி மடங்கும் வசதி அதில் கிடையாது.

இபப்பின் குறை, தனிச் செயலி வேண்டும் என்பது. எல்லாச் செயலிகளும் திரைவாசிப்பானோடு ஒத்துப்போவதில்லை. நகல் தடைப் பூட்டும் சில சமயம் வாசிப்பை முடக்கும். சிறு அறிக்கைகளுக்கும் படிவங்களுக்கும் இணையப் பக்கமே போதும்.

எதைத் தேர்ந்தாலும் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) தேவை.

பழைய பி.டி.எஃப் மட்டுமே கையில் இருந்தால், அதைக் காலிபர் எனும் மின்னூல் மாற்றும் செயலியில் போட்டு நேரே இபப் ஆக்காதீர்கள். பக்க எண்கள் வாக்கியத்துக்குள் புகும், தலைப்புகள் வெறும் தடித்த எழுத்தாகும், கொம்புப் பிழைகளும் கூடவே வரும். தட்டச்சுக் கோப்பைத் தேடுங்கள். அது இல்லையென்றால் பக்கங்களை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) செய்து, காலும் ரகரமும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்து, ஸ்டைல் கொடுத்தபின் இபப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.