வால்பாறைக்கு ரூம் போடுகிறவர்கள் கவனத்துக்கு: மேப்பில் இருக்கும் நம்பரை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

லீவுக்கு வால்பாறை, ஊட்டி என்று ரூம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தேடுங்கள். எங்கள் குடும்பத்தில் ஒரே நாளில் ஐம்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. அதே நம்பர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

கோபியிலிருந்து எல்லோரும் சேர்ந்து கிளம்புவதாகத் திட்டம். ரூம் பொறுப்பு மச்சானுடையது, அதாவது அக்கா வீட்டுக்காரர். மேப்பில் தேடியதில் சோலையாறு போகிற பக்கம் ஒரு எஸ்டேட் காட்டேஜ் வந்தது. நாலரை ஸ்டார், நூற்றுக்கணக்கில் ரிவ்யூ, வாசலில் சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற போட்டோ. காட்டேஜ் நிஜம், ரிவ்யூவும் நிஜம். போன் நம்பர் மட்டும்தான் போலி. அந்த மாதிரி விவரங்களை யார் வேண்டுமானாலும் ‘திருத்தம்’ என்று அனுப்பலாம். அது ஏற்கப்பட்டுவிட்டால் அடுத்து கூப்பிடுகிறவர்களின் அழைப்பெல்லாம் திருடனுக்குத்தான் போகும்.

எடுத்தவன் பேசிய பேச்சை மச்சான் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். “ஏனுங்க, எத்தன பேருங்க வர்றீங்க? கொழந்தைங்க இருக்குதுங்களா? ராத்திரிக்கு நாட்டுக்கோழி சொல்லிரட்டுங்களா?” போனை வைத்ததும் மச்சான் சொன்னது: “நம்ம பக்கத்து ஆளுதான்டா.” ‘ங்க’ போட்டுப் பேசுகிறவன் ஏமாற்ற மாட்டான் என்ற நினைப்பு நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டு காட்டேஜ், ஒரு இரவு, 12,800 ரூபாய். பாதி அட்வான்ஸ் என்று வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்தால் காட்டேஜ் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயர் வந்தது. கேட்டதற்கு, “ஆடிட்டரு அப்படித்தானுங்க வெச்சிருக்காரு, ஜிஎஸ்டிக்காக” என்றான். 6,400 போனது. உடனே லோகோ எல்லாம் போட்ட பில்லும் வந்துவிட்டது.

அந்த பில்லைப் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் சித்தப்பா பையன் கையில் வாங்கிய உடனே சிரித்தான். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. வால்பாறைக் காட்டேஜ் பில்லில் இருந்தது 07, டெல்லியின் குறியீடு. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று இலவசமாகவே பார்த்துவிடலாம். பில் கொடுத்தால் நம்பிக்கை வரும் என்று கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இதோடு விட்டிருந்தால் அட்வான்ஸோடு தொலைந்திருக்கும். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். “இ-பாஸ் எடுத்தாச்சுங்களா? இல்லீன்னா ஆழியார் செக்போஸ்ட்டுல திருப்பி அனுப்பிருவாங்க.” இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கிற அனுமதி, உண்மையான விஷயம் என்பதுதான் இதில் கொடுமை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. வால்பாறைக்கும் 2025 நவம்பரில் வந்துவிட்டது. அரசுத் தளத்தில் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தேதி கொடுத்து நாமே எடுத்துக்கொள்ளலாம். அவனோ, “சைட்டு சுத்திட்டே இருக்குதுங்க, நான் ஆப்பே அனுப்பிடறேன்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் அனுப்பினான், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலேயே போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல்.

போன் ‘இது ஆபத்தான ஃபைல்’ என்று எச்சரித்தது. அதை எப்படித் தாண்டுவது என்று லைனில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தான். திறந்தால் நம் அரசின் கோபுர முத்திரை, தமிழில் தலைப்பு, வண்டி எண் போடும் கட்டம், எல்லாம் கச்சிதம். நடுவில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது. கடைசியில் ‘சேவைக் கட்டணம் ரூ.1’ என்று டெபிட் கார்டு விவரம் கேட்டது. ஒரு ரூபாய்தானே.

கார்டு விவரம் அவன் கைக்குப் போய்விட்டது. ஓடிபியை அவன் கேட்கவே இல்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வருகிற எஸ்எம்எஸ்ஸை அந்த ஆப்பே படித்து அவனுக்கு அனுப்பிவிடும், போனில் சத்தம்கூட வராது. முதலில் 24,999, அப்புறம் 19,500. பால் சொசைட்டிப் பணம் வந்திருக்கிறதா என்று அக்கா பேலன்ஸ் பார்த்தபோதுதான் தெரிந்தது.

உடனே 1930-க்கு அடித்தோம். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எந்த வங்கிக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் சொன்னால் நடுவில் எங்காவது நிறுத்திவைக்க முடியும். எங்களுக்கு இரண்டாவது தொகையில் ஒரு பகுதி நின்றிருக்கிறது. இன்னும் கைக்கு வரவில்லை. காலையில் ஸ்டேஷனுக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

வங்கி பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கிளையில் கிடைத்த பதில்: “ஓடிபி உங்க போனுக்குத்தானே வந்திருக்கு, நாங்க என்ன பண்றது?” ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி, வாடிக்கையாளர் கவனக்குறைவு இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்கிறது. எது கவனக்குறைவு என்பதில்தான் இழுபறி. அதனால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த சீலுக்கே எங்களை மதியம் வரை உட்கார வைத்தார்கள். இன்னொன்று, பதற்றத்தில் வங்கியின் கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடாதீர்கள், அங்கேயும் இதே ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிற நம்பர்தான் சரி.

போனில் அந்த ஆப்பின் ஐகானே காணோம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குள் போனால்தான் இருக்கிறது. நெட்டை அணைத்துவிட்டு அதை நீக்கினோம், நமக்கு வரும் கால் வேறு நம்பருக்குத் திரும்பாமல் இருக்க ##002# அடித்து கால் ஃபார்வர்டிங்கை ரத்து செய்தோம், கடைசியில் மனசு கேட்காமல் போனையே முழுதாக ரீசெட் செய்துவிட்டோம். எல்லாப் பாஸ்வேர்டையும் வேறொரு போனிலிருந்து மாற்றினோம். இதெல்லாம் முடிந்து, ‘சைபர் கிரைமிலிருந்து பேசுறோம், உங்க பணம் ரெடியா இருக்கு, பிராசசிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க’ என்று ஒரு போன் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த போலீசும் கட்டணம் கேட்பதில்லை.

இனி யார் போனிலும் எந்த ஆப்பும் இருக்கக் கூடாது என்கிறார் அம்மா. எனக்கு அதில் உடன்பாடில்லை. அட்டகட்டி தாண்டினால் சிக்னல் வந்து வந்து போகிற ரோட்டில், முன்கூட்டியே இறக்கிவைத்த ஆஃப்லைன் மேப் இல்லாமல் நான் போக மாட்டேன். ‘வேர் இஸ் மை டிரெயின்’ ஆப் நெட் இல்லாமலேயே செல்போன் டவரை வைத்து ரயில் எங்கே என்று காட்டுகிறது. லைசென்ஸும் ஆர்சியும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இருந்தால் செக்போஸ்ட்டில் காட்டினால் போதும். இவை எதுவும் எங்களை ஏமாற்றவில்லை. மேப்பிலிருந்து போனுக்கு, போனிலிருந்து வாட்ஸ்அப்புக்கு, வாட்ஸ்அப்பிலிருந்து ஏபிகேவுக்கு என்று ஒவ்வொரு படியிலும் ஒருவன் எங்களை ஆப்புக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனான். பிளே ஸ்டோரில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வருகிற ஆப்பைத் தொடவே தொடாதீர்கள், அதில் எந்த முத்திரை இருந்தாலும் சரி.

ரூம் போடும்போது ரிவ்யூவை ‘புதியது முதலில்’ என்று மாற்றிப் பாருங்கள். எங்கள் காட்டேஜில் பழைய பாராட்டுகளுக்கு அடியில், ‘நம்பர் போலி, பணம் போச்சு’ என்று புதிதாக இரண்டு பேர் எழுதியிருந்தது அப்படித்தான் தெரிந்தது. போட்டோக்களையும் தள்ளிக்கொண்டே போங்கள். யாரோ ஒரு விருந்தினர் எடுத்த போட்டோவில் பெயர்ப்பலகை ஓரத்தில் வேறு நம்பர் இருந்தது. அதில் கூப்பிட்டபோது உண்மையான உரிமையாளர் எடுத்தார், பாவம், அவருக்கும் இது தலைவலிதான்: “அட்வான்ஸ் கட்டிட்டோம்னு குடும்பத்தோட வந்து நிக்கறாங்கங்க. மாத்தி விட்டா மறுபடி மாத்தறானுங்க.”

வால்பாறை, டாப்சிலிப், ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே உங்கள் இடத்தை மேப்பில் தேடி, அங்கிருக்கிற நம்பருக்கு வேறு போனிலிருந்து ஒரு கால் அடித்துப் பாருங்கள். மணி உங்கள் கையில் அடிக்காவிட்டால் உடனே உரிமையாளர் என்று பதிவு செய்து திருத்துங்கள். கேட்டில் நம்பரைப் பெரிதாக எழுதி, அந்தப் போட்டோவையும் அதிலேயே ஏற்றிவிடுங்கள்.