பாசிர் ரிஸிலிருந்து நன்யாங் வரை

பாலிடெக்னிக் டிப்ளோமாவை வைத்துத்தான் மகள் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். படிப்பு சரி, தூரம்தான் கவலை. பாசிர் ரிஸில் ரயிலேறித் தீவைக் கடந்து பூன் லேயில் இறங்கி, அப்புறம் 179 பேருந்து. விடுதி கிடைத்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பல்கலைக்கழக வளாகத்தில் 2015-இல் திறந்த ‘தி ஹைவ்’ கட்டடத்தை டிம் சம் கூடை, அதாவது சீனக் கொழுக்கட்டை வேகவைக்கும் மூங்கில் கூடை, என்பார்கள். எனக்கு இட்லித் தட்டு அடுக்காகவே தெரிகிறது. வகுப்பறைகளுக்கு மூலையே இல்லை, வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். “கடைசி வரிசையில ஒளிய முடியலம்மா” என்றாள். எனக்குப் பிடித்ததே அதுதான்.

சனிக்கிழமை துணிமூட்டையோடு வருகிறாள். விடுதியில் சலவை இயந்திரம் இருக்கிறதே என்றால் காதில் விழாது.