ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட்: மாணவர் கையிருப்புக்கு எந்த ஊர்?

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் முதுகலை படிக்கிற எனக்கு விடுமுறை என்றாலே தெற்கே போகும் ரயில்தான். எல்பே ஆற்றை ஒட்டி இரண்டரை மணி நேரத்தில் செக் குடியரசின் ப்ராக். அங்கிருந்து நான்கு மணி நேரத்தில் ஆஸ்திரியாவின் வியன்னா. இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் போனால் ஹங்கேரியின் புடாபெஸ்ட். ஜெர்மனியின் வதிவிட அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால் மூன்றுக்கும் தனி விசா வேண்டாம்; அங்கே 180 நாட்களில் 90 நாட்களைத் தாண்டித் தங்கக் கூடாது, அவ்வளவுதான். முதலில் எந்த ஊருக்குப் போவது என்று புதிய மாணவர்கள் கேட்டால், ‘ப்ராக் மலிவு, வியன்னா கட்டுப்படியாகாது’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டு குளிர்கால விடுமுறைகளில் மூன்று ஊர்களிலும் தங்கிய பிறகு, அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

ப்ராக்கில் படுக்கையும் சாப்பாடும் குறைந்த விலைக்குக் கிடைப்பது உண்மை. ஆனால் பணம் கசியும் வழிகளும் உண்டு. பழைய நகரச் சதுக்கத்தின் அருகே, ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையை நம்பி 50 யூரோ மாற்றினேன்; கைக்கு வந்த செக் பணமான கொருனா, வர வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூன்று மணி நேரத்துக்குள் திரும்பப் போய் அதை ரத்து செய்யலாம் என்று 2019 முதல் சட்டமே இருப்பது அன்றிரவு விடுதியில்தான் தெரிந்தது. 1410இல் அமைத்த வானியல் கடிகாரத்தின் முன்னால் ஒவ்வொரு மணிக்கும் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்திலும் பகலில் அதே கதை. விடியற்காலை ஆறரைக்குப் போனேன். பனிமூட்டத்தில் முப்பது சிலைகளும் நானும் மட்டும். அந்த அரை மணி நேரத்துக்காகவே ப்ராக்கை மன்னித்தேன்.

வியன்னாவில் விடுதிக் கட்டணம் உறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரின் மிகச் சிறந்தவற்றில் பல, காசில்லாதவருக்கும் திறந்திருக்கின்றன. அரசு ஓபரா (இசை நாடக) மாளிகை 1869இல் திறக்கப்பட்டது. 1945 குண்டுவீச்சில் எரிந்து 1955இல் மீண்டும் எழுந்தது. அங்கே நின்று பார்ப்பதற்கென்றே டிக்கெட் உண்டு. விலை, ஒரு சாதாரண உணவக மதியச் சாப்பாட்டுக்கு ஆகிற அளவுதான். தரைத்தளத்தின் பின்பகுதியில், மேடைக்கு நேர் எதிரே இடம். கம்பியில் கழுத்துத் துண்டைக் கட்டிவிட்டு வெளியே போய் வரலாம். யாரும் அதை அவிழ்ப்பதில்லை. வரிகளின் மொழிபெயர்ப்பு ஓடும் சிறு திரைகூட நிற்பவருக்கு எதிரே இருக்கிறது. மூன்று மணி நேரம் நின்றதில் கால் கடுத்தது. ஆனால் அந்தப் பாடகியின் குரல் ஒலிபெருக்கியே இல்லாமல் என் நெஞ்சில் வந்து மோதியதை மறக்கவே மாட்டேன். ஷோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை; குன்றின் மேல் ஏறினால் நகரம் முழுவதும் தெரியும். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் குழாயில் வருகிற ஊர் என்பதால், குடிக்கத் தண்ணீர் வாங்க ஒரு சென்ட்கூடச் செலவாகவில்லை.

புடாபெஸ்ட், குளிருக்கு ஏற்ற ஊர். 1913இல் திறந்த செசென்யி வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை மூழ்கியபடி, ஆவிக்கு நடுவே முதியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். கட்டணம் மட்டும் வியன்னாவின் ஓபரா நிற்கும் டிக்கெட்டைவிட அதிகம்! மற்றபடி செலவு குறைவு: டான்யூப் கரையோரம் ஓடும் இரண்டாம் எண் டிராமில் ஏறினாலே நாடாளுமன்றம், பாலங்கள், எதிர்க்கரைக் கோட்டை எல்லாம் வந்துவிடும். நாடாளுமன்றத்தின் அருகே இறங்கி, கரையில் பதித்த இரும்புக் காலணிகளிடம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1944–45இல் ஆற்றங்கரையில் நிறுத்திச் சுடப்பட்ட யூதர்களின் நினைவு அது. அங்கே நான் படம் எடுக்கவில்லை.

சைவம் சாப்பிடுகிறவருக்கு மூன்றுமே கொஞ்சம் சோதனைதான். ப்ராக்கில் பொரித்த பாலாடைக்கட்டி, புடாபெஸ்டில் நம் பூரியைப் பெரிதாக்கியது போன்ற லாங்கோஷ் கைகொடுக்கும்.

மூன்றே நாள் விடுமுறை என்றால் நான் வியன்னாவுக்கே போகச் சொல்வேன். ஒரு வாரம் கிடைத்தால் புடாபெஸ்டில் தொடங்கி வடக்கே திரும்புங்கள். கடைசி இரவை ப்ராக்கில் வைத்துக்கொண்டு, விடியும் முன் பாலத்தை நடந்துவிட்டு ட்ரெஸ்டன் ரயிலைப் பிடிக்கலாம்.