தனியா பிள்ளை வளக்குறவங்களுக்கு: வெயிட் லாஸ் கோச் யாராவது மெசேஜ் பண்ணா, இதைப் படிச்சிட்டு அப்புறம் பணம் கட்டுங்க

கொஞ்சம் பெரிய பதிவு தான் மக்களே, ஆனா படிச்சிடுங்க. "சிங்கிள் பேரன்ட்ஸுக்குன்னே டிசைன் பண்ண வெயிட் லாஸ் ப்ரோக்ராம்"னு ஒன்னு நிறைய பேர் இன்பாக்ஸ்ல சுத்திட்டு இருக்கு. பேர் மாறும், லோகோ மாறும், பேசுற பேச்சு மட்டும் அச்சு அசல் ஒன்னா இருக்கும். எனக்கு பணமும் போச்சு, முடியும் கொட்டுச்சு, வெயிட் மட்டும் பழையபடி வந்து உக்காந்துகிச்சு.

பசங்க தூங்குனப்புறம் தான் எனக்கு சாப்பிடவே நேரம் கிடைக்குது, அதுவும் அவங்க தட்டுல மிச்சம் வெச்சதையும் சேத்து நின்னுகிட்டே முடிச்சிடுறேன், வெயிட் ஏறிட்டே போகுதுன்னு ஒரு இடத்துல புலம்பியிருந்தேன். அதைப் பாத்துட்டு ஒரு பொண்ணு "சிஸ்டர், உங்க வலி எனக்கு புரியுது, நானும் சிங்கிள் மாம் தான்"னு மெசேஜ் போட்டு, அப்புறம் கால் பண்ணாங்க. உடம்பைப் பத்தி எதுவும் கேக்கல. வீட்ல கூட யார் இருக்கா, வேலை என்ன, பசங்க செலவெல்லாம் யார் பாக்குறா, இதான் கேள்வி. கடைசில குரலைத் தாழ்த்திகிட்டு "உங்களுக்கு ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா பசங்கள யாரு சிஸ்டர் பாத்துப்பா?"ன்னு கேட்டாங்க பாருங்க, தனியா பிள்ளை வளக்குற யாருக்கும் அந்த ஒரு கேள்வி வயித்தக் கலக்கிடும். அது அவங்களுக்கு நல்லாவே தெரியும். உடனே பேமென்ட் லிங்க் வந்துச்சு.

அவங்க சொன்னது 30 நாள்ல 10 கிலோ. இந்தக் கணக்க மட்டும் யாராவது எனக்கு முன்னாடியே போட்டுக் காட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ஒரு கிலோ கொழுப்பு கரையணும்னா சுமாரா 7700 கலோரி குறையணும், அப்ப 10 கிலோவுக்கு 77000, அத 30ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 2500க்கு மேல. நம்மள்ல நிறைய பொம்பளைங்க ஒரு நாள் முழுக்க செலவு பண்றதே 2000 பக்கம் தான் வரும். அதாவது பச்சத் தண்ணி மட்டும் குடிச்சிட்டு கெடந்தாலும் அவ்ளோ கொழுப்பு கரையாது. டாக்டருங்க பொதுவா சொல்றது வாரத்துக்கு அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ, அவ்ளோதான்.

"உங்களுக்காகவே தயாரிச்ச பர்சனல் ப்ளான்"னு ஒரு பிடிஎஃப் வந்துச்சு. மேல என் பேர் மட்டும் வேற ஃபான்ட்ல ஒட்டியிருந்துச்சு. உள்ள போனா "உங்கள் கணவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் 45 நிமிடம் நடைப்பயிற்சி செய்யவும்"னு இருக்கு! சிங்கிள் பேரன்ட் ஸ்பெஷல்னு காசு வாங்கிட்டு கணவரைத் தேடச் சொல்றாங்க. காலைல அஞ்சு மணிக்கு வொர்க்அவுட், மதியத்துக்கு எனக்கு மட்டும் தனி சமையல், காலைலயும் ராத்திரியும் அவங்க விக்குற பவுடர கலக்கிக் குடிக்குற ஷேக். என் சின்னவ பாதி ராத்திரி எழுந்து எழுந்து படுப்பா, நான் அஞ்சு மணிக்கு எப்படிங்க எந்திரிக்குறது, தூக்கம் கம்மியானா பசி அதிகமாகும்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு கேட்டா "அதெல்லாம் நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர், வில்பவர் வேணும்"னு பதில்.

அந்த ப்ளான்ல இருக்குறத கூட்டிப் பாத்தா ஒரு நாளைக்கு 700 கலோரி கூட தேறல. 800க்குக் கீழ போற டயட்ட டாக்டர் கண்காணிப்பு இல்லாம எடுக்கவே கூடாது, பித்தப்பைல கல்லு வரைக்கும் வரலாம். இவங்க எனக்கு சுகர் இருக்கா, தைராய்டு இருக்கா, ஏதாவது மாத்திரை எடுக்குறேனான்னு ஒரு வார்த்தை கேக்கல. ஷேக் டப்பாவுல முன்னாடி பெருசா ப்ரோட்டீன்னு போட்டிருக்கு, பின்னாடி பொடி எழுத்துல முதல் பொருளே மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது ஸ்டார்ச்சுல இருந்து எடுக்குற மாவுச்சத்துப் பவுடர், ரெண்டாவது சக்கரை. எது எடைல அதிகமோ அது தான் லிஸ்ட்ல முதல்ல வரும், இனிமே எந்த டப்பா எடுத்தாலும் திருப்பி அதப் பாருங்க.

முதல் வாரம் மடமடன்னு எறங்குச்சு, அத மறைக்க மாட்டேன். ஆனா அது தண்ணி. கிளைகோஜன்னு உடம்பு சேத்து வெச்சிருக்குற மாவுச்சத்து, ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூணு கிராம் தண்ணிய பிடிச்சு வெச்சிருக்கும், சாப்பாட்ட வெட்டுனா அது ரெண்டும் சேந்து போகும், மறுபடி சாப்பிட்டா திரும்ப வந்துடும். அந்த ஒரு வார நம்பர ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, என்ன கேக்காமலே அவங்க பேஜ்ல "எங்க க்ளையன்ட் ரிசல்ட்"னு போட்டுட்டாங்க. தெரிஞ்சவங்க ரெண்டு பேர் அதப் பாத்துட்டு எங்கிட்டயே விசாரிச்சாங்க, எனக்கு அதான் ரொம்ப ஆத்திரம்.

அப்புறம் எடை நின்னு போச்சு. "நீங்க திருட்டுத்தனமா சாப்பிடுறீங்க"ன்னாங்க. கூடவே டீடாக்ஸ் டீ வாங்குங்கன்னாங்க. அதுல இருந்தது சென்னா, அதான் நம்ம நிலாவாரை, சுத்தமான பேதி மருந்து. அது வேலை செய்றது பெருங்குடல்ல, சாப்பாட்டோட கலோரி எல்லாம் அதுக்கு முன்னாடியே சிறுகுடல்ல உறிஞ்சி முடிஞ்சிருக்கும். ஸோ போறது தண்ணியும் உப்பும் தான், கொழுப்பு இருந்த எடத்துலயே இருக்கும். வேலை எடத்துல மீட்டிங் நடுவுல நான் எந்திரிச்சு ஓடுன ஓட்டத்த இங்க எழுத முடியாது.

அதுக்கும் மசியலன்னு லேபிளே இல்லாத ஒரு டப்பால "ஹெர்பல் கேப்ஸ்யூல்" அனுப்புனாங்க. நான் தொடல, நீங்களும் தொடாதீங்க. சிபுட்ராமின்னு ஒரு மருந்து, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் ரிஸ்க் இருக்குன்னு 2010லயே அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் மார்க்கெட்ட விட்டு எடுத்துட்டாங்க, ஆனா "மூலிகை"ன்னு விக்கிற எடை குறைப்பு மாத்திரைங்கள்ல அத கலந்து விக்கிறது அதுக்கப்புறமும் திரும்பத் திரும்ப பிடிபட்டிருக்கு. எனக்கு வந்ததுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது, என்ன இருக்குன்னு எழுதாம அனுப்புனதே போதும்.

முடி விஷயம். பட்டினி கெடந்தா முடி உடனே கொட்டாது, ரெண்டு மூணு மாசம் கழிச்சு தான் கொத்து கொத்தா வரும். அதனால அவங்ககிட்ட கேட்டா "அது எங்க ப்ராடக்டால இல்ல, உங்க டென்ஷன்"னு ஈஸியா சொல்லிடுறாங்க.

நான் விட்டது எப்பன்னா, என் பெரியவ ஒரு நாள் தட்ட தள்ளி வெச்சிட்டு "எனக்கும் ஷேக் குடும்மா, நானும் குண்டா இருக்கேன்"னா. அடிவயிறு எரிஞ்சுது. அத கோச்கிட்ட சொன்னா "குடுங்க சிஸ்டர், கிட்ஸ் ஃப்ளேவரும் இருக்கு"ங்குறாங்க. வளர்ற பிள்ளைக்கு! அன்னைக்கே போதும்னுட்டேன்.

பணத்த கேட்டா சீல் ஒடச்சிட்டீங்க ரீஃபண்ட் இல்லன்னாங்க. ஒரே தடவை பேமென்ட்னு சொன்னது உண்மைல மாசாமாசம் ஆட்டோ டெபிட். ஃபோன்ல இருக்குற ஆப்-ஐ டெலீட் பண்ணா மட்டும் சப்ஸ்க்ரிப்ஷன் நிக்காது, இது நிறைய பேருக்கு தெரியல, தனியா உள்ள போயி கேன்சல் பண்ணனும், இல்லன்னா பேங்க்ல சொல்லி நிறுத்தணும். கடைசியா ஒரு ஆஃபர் குடுத்தாங்க: "நீங்களே கோச் ஆகிடுங்க, வீட்ல இருந்தே சம்பாதிக்கலாம், உங்கள மாதிரி நாலு அம்மாவ சேத்து விட்டா போட்ட பணம் திரும்பிடும்." அப்ப தான் வெளங்குச்சு எனக்கு மெசேஜ் பண்ண அந்தப் பொண்ணும் போட்ட காச எடுக்கத் தான் அலையுதுன்னு. கோவம் வந்தாலும் அதுமேல பாவமா தான் இருக்கு.

இப்ப டாக்டர் மூலமா ஒரு டயட்டீஷியன பாக்குறேன். அவங்க கேட்ட முதல் கேள்வியே யார் சமைக்கிறா, பசங்க எத்தன மணிக்கு சாப்பிடுறாங்கன்னு தான். தனி சமையலே வேணாம், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, உங்க தட்டுல மட்டும் பாதி காய் வெச்சுக்கோங்கன்னாங்க. பசங்க சாப்பிடும்போதே நானும் உக்காந்து சாப்பிடுறேன், அவங்க மிச்சம் வெச்சா நேரா டப்பால போட்டு ஃப்ரிட்ஜுக்கு. உடற்பயிற்சிக்கு வாரத்துக்கு 150 நிமிஷம் ஆகணும், ஆனா மொத்தமா செய்யத் தேவையில்ல, உலக சுகாதார நிறுவனம் 2020ல குடுத்த வழிகாட்டுதல்லயே குட்டி குட்டியா செய்றதும் கணக்குன்னு இருக்கு, ஸோ ஸ்கூல் வாசல்ல காத்திருக்குற நேரத்துல நடக்குறேன். எடை ஆமை வேகத்துல தான் எறங்குது, எறங்கட்டும்.

பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், இன்னும் முடிவு வரல. இதே மாதிரி பணம் கட்டியிருக்கவங்க இருந்தா, அவங்ககிட்ட சண்டை போடுறதுக்கு முன்னாடியே சாட், பேமென்ட் மெசேஜ், டப்பாவோட லேபிள் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ரீஃபண்ட்னு வாயத் தொறந்ததும் என்ன ப்ளாக் பண்ணி, பழைய வாய்ஸ் நோட்ட எல்லாம் அழிச்சிட்டாங்க.